ஒழுங்கு பலகோணத்தின் மூலைவிட்டங்கள்: வெட்டும் புள்ளிகள் சூத்திரத்துக்குக் குறைவாக வருவது ஏன்?

கவராயம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பில் சேர்வுகள் பாடம் நடத்தும்போது பலகோணத்தின் மூலைவிட்டங்களை எண்ணும் கணக்கு தவறாமல் வரும். ப பக்கங்கள் கொண்ட பலகோணத்தில் ஒவ்வொரு முனையிலிருந்தும் ப − 3 மூலைவிட்டங்கள் கிளம்புகின்றன; ஒவ்வொன்றும் இரு முனைகளிலும் எண்ணப்பட்டுவிடுவதால் மொத்தம் ப(ப − 3)/2. இதில் மாணவர்களுக்கு ஐயம் எழுவதில்லை. ஐயம் எழுவது அடுத்த கேள்வியில்தான்: அந்த மூலைவிட்டங்கள் பலகோணத்துக்குள் எத்தனை புள்ளிகளில் ஒன்றையொன்று வெட்டுகின்றன?

நான்கு முனைகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வெட்டும் புள்ளி கிடைக்கும் என்று சொல்லி, ப(ப − 1)(ப − 2)(ப − 3)/24 என்ற சூத்திரத்தைத் தருவது வழக்கம். ஐங்கோணத்துக்கு 5, அறுகோணத்துக்கு 15, எழுகோணத்துக்கு 35, எண்கோணத்துக்கு 70 என்று அது சொல்கிறது. ஆனால் ஒழுங்கு பலகோணங்களைத் துல்லியமாக வரைந்து எண்ணினால் 5, 13, 35, 49 என்றே வருகிறது. ஐந்துக்கும் ஏழுக்கும் சூத்திரம் பொருந்துகிறது. ஆறுக்கும் எட்டுக்கும் பொருந்தவில்லை. இன்னும் மேலே போனால் வியப்பு கூடுகிறது: ஒழுங்கான பதினொருகோணத்தில் 330 புள்ளிகள் இருக்க, ஒரு பக்கம் கூடுதலாக உள்ள பன்னிருகோணத்தில் 301 புள்ளிகள்தான் இருக்கின்றன.

பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் சூத்திரம் எப்போதும் பொருந்துமா? பொருந்தும் எனில் அதற்குக் காரணம் என்ன? படத்தைப் பார்த்துச் சொல்லும் விளக்கம் எனக்குப் போதாது. மாணவர்கள் முன் நின்று சொல்லத்தக்க நிறுவல் வேண்டும்.

யாழ்க்கோணம் எழுதியது:

வணக்கம் ஆசிரியர் அவர்களே. முதலில் சூத்திரம் எதை எண்ணுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதி வழி கடந்துவிடலாம். குவிவான பல்கோணியொன்றில் எந்த நான்கு உச்சிகளை எடுத்தாலும் அவை ஒரு குவிவான நாற்பக்கலை அமைக்கும். அந்த நாற்பக்கலின் இரு மூலைவிட்டங்களும் உள்ளே ஒரு முறை வெட்டும். மறுதலையாக, உள்ளே வெட்டிக்கொள்ளும் எந்த இரு மூலைவிட்டங்களை எடுத்தாலும் அவற்றின் நான்கு முனைகளும் வெவ்வேறு உச்சிகள். எனவே சூத்திரம் எண்ணுவது வெட்டும் சோடிகளையே, புள்ளிகளை அல்ல. ஒரு புள்ளியில் மூன்று மூலைவிட்டங்கள் கூடினால் அங்கே மூன்று சோடிகள் இருக்கின்றன, ஆனால் புள்ளி ஒன்றுதான். நான்கு கூடினால் ஆறு சோடிகள்.

ஒழுங்கான அறுகோணியில் மூன்று நீண்ட மூலைவிட்டங்கள் மையத்தில் கூடுகின்றன. 15 சோடிகளில் 3 அங்கே ஒன்றாகிவிடுவதால் மிஞ்சிய 12 புள்ளிகளும் மையமும் சேர்ந்து 13. எண்கோணியில் மையத்தில் நான்கு மூலைவிட்டங்கள் கூடி 6 சோடிகளை விழுங்குகின்றன. மையத்தைத் தவிர வேறு 8 புள்ளிகளில் மும்மூன்று மூலைவிட்டங்கள் கூடி 24 சோடிகளை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய 40 சோடிகள் தனித்தனிப் புள்ளிகள். 40 + 24 + 6 = 70 சோடிகள், 40 + 8 + 1 = 49 புள்ளிகள். கணக்கு சரியாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உட்குழிந்த நாற்பக்கலில் ஒரு மூலைவிட்டம் வெளியே விழும். இரண்டும் வெட்டவே மாட்டா. ஆகையால் சூத்திரம் குவிவான பல்கோணிகளுக்கு மட்டுமே உரியது. அந்த நிபந்தனையைச் சொல்லாமல் சூத்திரத்தைக் கற்பிப்பது முறையன்று.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

நான் பதினோராம் வகுப்பு மாணவன். யாழ்க்கோணம் ஐயாவின் விளக்கம் புரிந்தது. எனக்குத் தோன்றுவது இது: ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தில் ஒரு முனைக்கு நேர் எதிரே இன்னொரு முனை இல்லை, ஒரு பக்கத்தின் நடுப்புள்ளிதான் இருக்கிறது. எனவே எந்த மூலைவிட்டமும் மையத்தின் வழியாகப் போகாது. மையத்தில் கூடுவதற்கு வழியில்லாததால் மூன்று மூலைவிட்டங்கள் எங்கும் கூட மாட்டா என்று சொல்லிவிடலாம் அல்லவா?

பகா எண் எழுதியது:

தம்பி, முதல் பாதி சரி. மையத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் குறையில்லை. ஆனால் மேலே கணக்கிட்ட எண்கோணத்திலேயே மையத்தை விட்டு விலகிய 8 புள்ளிகளில் மூன்று மூலைவிட்டங்கள் கூடுகின்றன. ஆகவே மையம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த எட்டுப் புள்ளிகள் ஏன் உண்டாகின்றன என்று கேட்க வேண்டும்.

பக்கங்கள் இரட்டைப்படையாக இருந்தால் எதிரெதிர் முனைகளை இணைக்கும் மூலைவிட்டம், அதாவது வட்டத்தின் விட்டம், பலகோணத்தின் சமச்சீர் அச்சாகவும் இருக்கிறது. அந்த அச்சை ஏதேனும் ஒரு மூலைவிட்டம் சாய்வாக வெட்டினால், அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரு மூலைவிட்டமே. அதுவும் அதே புள்ளியில் அச்சை வெட்டும். இரண்டும் அச்சும் சேர்ந்து மூன்று மூலைவிட்டங்கள் ஒரு புள்ளியில் கூடிவிட்டன. எந்தத் தற்செயலும் இல்லாமல் சமச்சீர்மை ஒன்றே இதைச் செய்துவிடுகிறது. ஒற்றைப்படையில் சமச்சீர் அச்சு ஒரு முனையையும் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியையும் இணைக்கிறது. அது மூலைவிட்டம் ஆகாது. பிம்பச் சோடி அச்சின்மேல் சந்தித்தாலும் மூன்றாவதாக வந்து சேர அங்கே மூலைவிட்டம் காத்திருக்கவில்லை.

இருந்தாலும் இதுவும் நிறுவல் ஆகிவிடாது. கூடுவதற்கான ஒரு காரணம் ஒற்றைப்படையில் இல்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. வேறு காரணங்களே இல்லை என்று காட்டினால்தான் ஆசிரியர் அவர்கள் கேட்டது கிடைக்கும்.

பன்னிருகோணம் எழுதியது:

வேறொரு காரணம் உண்டு. அது மிக அழகானது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். வட்டத்துக்குள் வரைந்த ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையிலிருந்து வரையப்படும் கோண இருசமவெட்டி, எதிரே உள்ள வில்லின் நடுப்புள்ளியில் வட்டத்தைச் சந்திக்கும். மூன்று இருசமவெட்டிகளும் உள்வட்ட மையத்தில் சந்திக்கின்றன என்பது எட்டாம் வகுப்பு வடிவியல். இப்போது முக்கோணத்தின் முனைகள் ஒழுங்கு பலகோணத்தின் முனைகளாகவும், மூன்று விற்களும் இரட்டை எண்ணிக்கையிலான பக்கங்களைக் கொண்டவையாகவும் இருந்தால், வில்லின் நடுப்புள்ளிகளும் பலகோணத்தின் முனைகளே. ஆகவே மூன்று இருசமவெட்டிகளும் மூலைவிட்டங்கள். அவை ஒரு புள்ளியில் கூடியே தீரும்.

பன்னிருகோணத்தின் முனைகளைக் கடிகார முகப்பின் எண்களாகப் பாவித்தால் கையால் வரைந்தே இதைச் சோதிக்கலாம். 12, 2, 6 என்ற முனைகளால் ஆன முக்கோணத்தில் விற்கள் 2, 4, 6 பக்கங்கள் கொண்டவை. அவற்றின் நடுவே 1, 4, 9 ஆகிய முனைகள் இருக்கின்றன. எனவே 6–1, 12–4, 2–9 என்னும் மூன்று மூலைவிட்டங்களும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. இவற்றில் ஒன்றுகூட வட்டத்தின் விட்டம் அன்று. பகா எண் அவர்கள் சொன்ன அச்சுக் காரணம் இங்கே செல்லாது. உள்வட்ட மையம்தான் காரணம்.

அந்தப் புள்ளி 1-க்கும் 2-க்கும் நடுவே செல்லும் சமச்சீர் அச்சின்மேல் விழுகிறது என்பதையும் கவனிக்கலாம். அந்த அச்சில் 6–1-இன் பிம்பம் 9–2. 12–4-இன் பிம்பம் 3–11. ஆகவே 3–11 என்னும் நான்காவது மூலைவிட்டமும் அதே புள்ளியில் வந்து சேர்கிறது. பன்னிருகோணத்தைச் சுழற்றிப் பார்த்தால் இப்படி நான்கு மூலைவிட்டங்கள் கூடும் புள்ளிகள் 12 கிடைக்கின்றன.

விற்கள் மூன்றும் இரட்டை எண்கள் என்பதால் அவற்றின் கூடுதலாகிய பக்க எண்ணிக்கையும் இரட்டைப்படையாகிவிடும். எனவே ஒற்றைப்படைப் பலகோணத்தில் இந்தக் காரணமும் எழ வாய்ப்பில்லை.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. படம் வரைந்து பார்த்தேன். நான்கும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. மூன்று மூலைவிட்டங்கள் கூடுமா கூடாதா என்பதைப் படம் வரையாமலே கணக்கிட்டுச் சொல்ல ஏதேனும் நிபந்தனை இருக்கிறதா?

பன்னிருகோணம் எழுதியது:

இருக்கிறது. வட்டத்தின்மேல் அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று வரிசையாக ஆறு புள்ளிகளை எடுத்து, எதிரெதிராக உள்ளவற்றை இணைக்கும் அஈ, ஆஉ, இஊ ஆகிய மூன்று நாண்களும் ஒரு புள்ளியில் சந்திப்பதாகக் கொள்ளுங்கள். சந்திக்கும் புள்ளி ஔ என்க. ஒரே வில்லின்மேல் அமையும் கோணங்கள் சமம் என்பதால் ஔஅஆ, ஔஉஈ ஆகிய முக்கோணங்கள் வடிவொத்தவை. எனவே அஆ : ஈஉ என்ற விகிதமும் ஔஅ : ஔஉ என்ற விகிதமும் சமம். இதேபோல் இஈ : ஊஅ = ஔஇ : ஔஅ; உஊ : ஆஇ = ஔஉ : ஔஇ. மூன்றையும் பெருக்கினால் வலப்பக்கம் முழுவதும் நீங்கி 1 ஆகிவிடும். ஆகவே அஆ × இஈ × உஊ = ஆஇ × ஈஉ × ஊஅ. ஆறு புள்ளிகளால் ஆன அறுகோணத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்த பக்கங்களின் பெருக்கற்பலன்கள் சமம் என்பதே இதன் பொருள். மறுதலையும் உண்மை.

நாணின் நீளம் அதன் வில் மையத்தில் தாங்கும் கோணத்தின் பாதியின் சைனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒழுங்கு பலகோணத்தில் ஒரு பக்கத்துக்கு உரிய பாதிக் கோணம் 180°/ப. எனவே ஆறு விற்களையும் பக்க எண்ணிக்கையால் வரிசையாகக் குறித்து, ஒன்றுவிட்ட மூன்றை க, ச, ட என்றும் மற்ற மூன்றை த, ந, ம என்றும் அழைத்து, 180°/ப என்பதைக் கோணத்தின் அலகாகக் கொண்டால் நிபந்தனை இதுதான்: சைன் க × சைன் ச × சைன் ட = சைன் த × சைன் ந × சைன் ம. ஆறின் கூடுதல் ப.

இரு தொகுதிகளிலும் அதே மூன்று எண்கள் இருந்தால் சமன்பாடு தானாகவே நிறைவேறும். அந்த எண்களை வட்டத்தைச் சுற்றி எப்படி அடுக்கினாலும் மூன்று வகையே உண்டு: மூன்று மூலைவிட்டங்களும் மையத்தின் வழியே செல்வது, ஒன்று அச்சாகவும் மற்ற இரண்டு அந்த அச்சில் ஒன்றுக்கொன்று பிம்பமாகவும் அமைவது, உள்வட்ட மையம். இந்த மூன்றிலும் ப இரட்டைப்படை எண்ணே. எண்கள் வேறுபட்டும் பெருக்கற்பலன் சமமாகிவிடுமா என்பதே இனி எஞ்சியிருக்கும் கேள்வி.

பகா எண் எழுதியது:

அந்தக் கேள்விக்கு, பக்க எண்ணிக்கை 2-ஐத் தவிர்த்த பகா எண்ணாக இருக்கும்போது முழு நிறுவலையும் இங்கேயே எழுதிவிடலாம். 5, 7, 11, 13 எல்லாம் அதில் அடங்கும். கோணங்கள் அனைத்தும் 180°/ப என்ற அலகிலேயே இருக்கட்டும். அப்போது 180° என்பது ப அலகு, 360° என்பது 2ப அலகு.

மூன்று சைன்களின் பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் முற்றொருமை இது: 4 சைன் க சைன் ச சைன் ட = சைன்(ச + ட − க) + சைன்(ட + க − ச) + சைன்(க + ச − ட) − சைன்(க + ச + ட). வலப்பக்கத்து த, ந, ம ஆகியவற்றுக்கும் இவ்வாறே எழுதலாம். க + ச + ட, த + ந + ம ஆகிய இரண்டும் சேர்ந்து ப அலகு, அதாவது 180°, ஆவதால் அவற்றின் சைன்கள் சமம். இரு பக்கத்திலும் அந்தக் கடைசி உறுப்பு நீங்கிவிடும். எஞ்சுவது, மூன்று சைன்களின் கூடுதல் வேறு மூன்று சைன்களின் கூடுதலுக்குச் சமம் என்பது.

ப ஒற்றைப்படை என்பது இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. க + ச + ட, த + ந + ம ஆகியவற்றில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. முதலாவது ஒற்றை என்று கொள்வோம். அப்போது இடப்பக்கக் கோணங்கள் மூன்றும் ஒற்றை எண்கள், வலப்பக்கக் கோணங்கள் மூன்றும் இரட்டை எண்கள். இடப்பக்கக் கோணம் ஒவ்வொன்றோடும் ப அலகைக் கூட்டினால் அது இரட்டை எண்ணாகும். சைனின் குறியும் மாறும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தால், இரட்டை எண்களால் ஆன ஆறு கோணங்களின் சைன்களைக் கூட்டினால் 0 வருகிறது.

இரட்டை எண் அலகுகள் 360°/ப-இன் மடங்குகள். அதாவது ஒழுங்கு பலகோணத்தின் மையத்திலிருந்து முனைகளை நோக்கிய திசைகள். ஆறு சைன்களின் கூடுதல் 0 என்றால், அந்த ஆறு அலகு வெக்டர்களின் கூடுதலிலிருந்து, கிடை அச்சில் அவற்றுக்குரிய ஆறு பிம்பங்களின் கூடுதலைக் கழித்தால் 0 கிடைக்கும். இங்கே நமக்கு வேண்டிய ஒரே ஆழமான உண்மை: ப பகா எண்ணாக இருந்தால், முனை வெக்டர்களை முழு எண் கெழுக்களால் பெருக்கிக் கூட்டி 0 பெற வேண்டுமாயின் எல்லாக் கெழுக்களும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். நம் கூட்டலில் 0° திசையின் கெழு 0, ஏனெனில் அந்த முனை தனக்குத் தானே பிம்பம். எனவே எல்லாக் கெழுக்களும் 0. அதாவது ஆறு கோணங்களின் தொகுதி தன் பிம்பத்தோடு அப்படியே ஒன்றிப்போகிறது.

இப்போது இடப்பக்கத்திலிருந்து வந்த ஒரு கோணத்தைப் பாருங்கள். அது 0° திசையில் இருக்க வேண்டும். இல்லையேல் ஆறில் வேறொன்றோடு சேர்ந்து 2ப-இன் மடங்காக வேண்டும். 0° திசையில் இருப்பதாயின் ச + ட − க போன்ற எண், ப அல்லது −ப ஆக வேண்டும். ஆறு விற்களும் சேர்ந்தே ப ஆவதால் அது இயலாது. இடப்பக்கத்து இன்னொன்றோடு சேர்வதாயின் கூடுதல் 2ட + 2ப போன்றதாக வரும். ட என்பது ப-இன் மடங்காக வேண்டும், அதுவும் இயலாது. வலப்பக்கத்து ஒன்றோடு சேர்வதாயின் (ச + ட − க) + ப + (ந + ம − த) = 2ப − 2(க + த); அப்போது க + த என்பது ப-இன் மடங்காக வேண்டும், ஆனால் அது ப-ஐ விடச் சிறியது. மூன்று வழிகளும் அடைபட்டுவிட்டன. க + ச + ட இரட்டையாக இருந்தால் இரு பக்கங்களையும் இடம் மாற்றிக்கொண்டு இதே வாதத்தைச் சொல்லலாம். எனவே மூன்று மூலைவிட்டங்கள் ஒரு புள்ளியில் கூடவே முடியாது.

கவராயம் எழுதியது:

நான் கேட்டதற்கும் மேலாகவே கிடைத்துவிட்டது, நன்றி. வெக்டர் கெழுக்களைப் பற்றிய அந்த ஓர் உண்மையை மட்டும் நிறுவாமல் ஏற்றுக்கொள்ளச் சொன்னால், பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்றின் படி மூலங்களைப் படித்த மாணவர்கள் இதைப் பின்தொடர முடியும். ஆனால் 9, 15, 21 போன்ற ஒற்றைப்படைப் பகு எண்களுக்கு இந்த வாதம் செல்லாதே? ஒன்பதுகோணத்தில் புள்ளிகள் 126 என்றும் சூத்திரமும் 126 என்றும் அறிவேன். அங்கும் பொதுவாக உண்மைதானா?

பன்னிருகோணம் எழுதியது:

உண்மைதான். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட எந்த ஒழுங்கு பலகோணத்திலும் மூன்று மூலைவிட்டங்கள் உள்ளே ஒரு புள்ளியில் கூடுவதில்லை. நிறுவல்தான் கடினமாகிறது. ஒன்பதுகோணத்தில் ஒன்றுக்கொன்று 120° விலகிய மூன்று முனை வெக்டர்களை மட்டும் கூட்டினாலே 0 வந்துவிடும். கெழுக்கள் எல்லாம் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. ஆகவே ஒன்றின் படி மூலங்களில் பன்னிரண்டைக் கூட்டி 0 பெறுவதற்கு எத்தனை வழிகள் உண்டு என்பதை முழுமையாக வகைப்படுத்த வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தின் கெரிட் போல் 1936-இல் இக்கேள்வியை ஆராய்ந்து விடை கண்டார். பின்னர் பியோன் பூனன், மைக்கேல் ரூபின்ஸ்டைன் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அந்த வகைப்படுத்தலை முடித்து, எந்தப் பக்க எண்ணிக்கைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையைத் தரும் சூத்திரத்தை எழுதினார்கள். மையத்தைத் தவிர வேறெந்தப் புள்ளியிலும் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட மூலைவிட்டங்கள் கூட மாட்டா என்பது அவர்கள் முடிவுகளில் என்னை மிகவும் கவர்ந்தது. பக்கங்கள் ஆயிரமாக இருந்தாலும் இலட்சமாக இருந்தாலும் ஏழுக்கு மேல் இல்லை.

அந்த ஏழு நிகழ்வதை முப்பதுகோணத்தில் காணலாம். அங்கே இரண்டு மட்டும் வெட்டும் புள்ளிகள் 13,800, மூன்று கூடுபவை 2,250, நான்கு கூடுபவை 420, ஐந்து 180, ஆறு 120, ஏழு 30, மையத்தில் 15 மூலைவிட்டங்கள். மொத்தம் 16,801 புள்ளிகள். யாழ்க்கோணம் அவர்கள் காட்டிய முறையில் சோடிகளாக மாற்றிச் சரிபார்க்கலாம்: 13,800 + 6,750 + 2,520 + 1,800 + 1,800 + 630 + 105 = 27,405. நான்கு முனைகளைத் தேர்ந்தெடுக்கும் சூத்திரமும் 30-க்கு 27,405 என்றே தருகிறது.

எண்கள் வேறுபட்டும் பெருக்கற்பலன் சமமாவதற்குப் பதினெண்கோணம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே அலகு 10°. விற்கள் ஒரு தொகுதியில் 3, 1, 4 என்றும் மறு தொகுதியில் 7, 1, 2 என்றும் இருந்தால், சைன் 30° × சைன் 10° × சைன் 40° = சைன் 70° × சைன் 10° × சைன் 20°. சைன் 30° அரை என்பதும், சைன் 70° என்பது கொசைன் 20° என்பதும் தெரிந்தால், இது இரட்டைக் கோணச் சூத்திரமே என்று புலப்படும். இந்தக் கூடலுக்கு அச்சும் காரணமன்று, உள்வட்ட மையமும் காரணமன்று. எட்வர்ட் லாங்லி 1922-இல் முன்வைத்த 20°, 80°, 80° முக்கோணப் புதிரைச் சிலர் அறிந்திருக்கலாம். அதில் வரும் கோணங்கள் அனைத்தும் 10°-இன் மடங்குகள்; பதினெண்கோணத்தின் மூலைவிட்டங்கள் தமக்குள் அமைக்கும் கோணங்களும் அவையே.

யாழ்க்கோணம் எழுதியது:

ஆசிரியர் அவர்கள் முதலில் வியந்த 330, 301 என்ற எண்களுக்கு இப்போது விடை சொல்லிவிடலாம். பன்னிருகோணியில் வெட்டும் சோடிகள் 495. மூன்று கூடும் புள்ளிகள் 60. ஒவ்வொன்றிலும் மூன்று சோடிகள் ஒரு புள்ளியாவதால் இரண்டு குறைகிறது, ஆக 120. நான்கு கூடும் அந்த 12 புள்ளிகளில் ஐந்து ஐந்தாக 60 குறைகிறது. மையத்தில் ஆறு மூலைவிட்டங்கள், 15 சோடிகள், 14 குறைகிறது. 495 − 194 = 301. பதினொருகோணியில் 330-இல் எதுவும் குறையவில்லை.

ஆனால் மூலைவிட்டங்கள் பல்கோணியை எத்தனை துண்டுகளாகப் பிரிக்கின்றன என்று கேட்டால் நிலை மாறிவிடுகிறது. மூலைவிட்டங்களை ஒவ்வொன்றாக வரையும்போது, புதிதாக வரும் கோடு ஏற்கனவே உள்ளவற்றை எத்தனை புள்ளிகளில் வெட்டுகிறதோ அதைவிட ஒன்று கூடுதலான துண்டுகளைச் சேர்க்கிறது. எனவே துண்டுகளின் எண்ணிக்கை = 1 + மூலைவிட்டங்களின் எண்ணிக்கை + ஒவ்வொரு புள்ளியிலும் கூடும் மூலைவிட்டங்களில் ஒன்றைக் கழித்துக் கூட்டிய தொகை. எழுகோணியில் 1 + 14 + 35 = 50. பதினொருகோணியில் 1 + 44 + 330 = 375. பன்னிருகோணியில் 1 + 54 + (228 + 120 + 36 + 5) = 444. புள்ளிகள் குறைந்தாலும் துண்டுகள் கூடுகின்றன. மூன்று மூலைவிட்டங்கள் ஒரு புள்ளியில் கூடுவதால் மூன்று புள்ளிகள் ஒன்றாகிவிட்டாலும், அவற்றுக்கு நடுவே இருந்திருக்கக்கூடிய ஒரு சிறு முக்கோணம் மட்டுமே இல்லாமற் போகிறது.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

பதின்கோணத்தைப் படம் வரையாமல் கணக்கிட்டுப் பார்த்தேன். சோடிகள் 210. பன்னிருகோணம் ஐயா சொன்ன நிபந்தனையின்படி, இரு தொகுதிகளிலும் அதே மூன்று எண்கள் இருக்க வேண்டுமானால் அந்த மூன்றின் கூடுதல் 5. ஆகவே 1, 1, 3 அல்லது 1, 2, 2. முதல் வகையில் இரண்டு 3-களும் அடுத்தடுத்து அமைந்தால் அவற்றுக்கு நடுவே உள்ள முனை வழியாக அச்சு செல்கிறது. முனைகள் பத்து என்பதால் 10 புள்ளிகள். எதிரெதிராக அமைந்தால் மூன்றும் மையத்தில் கூடும். இரண்டாம் வகையில் இரண்டு 1-களையும் அடுத்தடுத்து வைத்தால் இன்னும் 10 புள்ளிகள். எனவே மூன்று கூடும் புள்ளிகள் 20. அவற்றால் 40 குறைகிறது. மையத்தில் ஐந்து மூலைவிட்டங்கள், 10 சோடிகள்; அங்கே 9 குறைகிறது. 210 − 49 = 161. வேறு எண்களால் பெருக்கற்பலன் சமமாகும் தற்செயல் எதுவும் பதின்கோணத்தில் இல்லை என்று எடுத்துக்கொண்டே இதைக் கணக்கிட்டிருக்கிறேன். அது சரிதானா ஐயா?

பகா எண் எழுதியது:

சரி, தம்பி. பதின்கோணத்துக்கு 161 என்பதே விடை. எடுத்துக்கொண்டதை நீங்களே சரிபார்த்துவிடவும் முடியும்: ஆறு மிகை முழு எண்களின் கூடுதல் 10 ஆக வேண்டும் என்பதால் இரு தொகுதிகளாகப் பிரிக்கக்கூடிய வழிகள் மிகச் சிலவே. 18°, 36°, 54°, 72°, 90° ஆகிய கோணங்களின் சைன்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பாருங்கள். அது முடிந்ததும் பன்னிருகோணத்தில் 2, 1, 2 என்ற தொகுதியையும் 5, 1, 1 என்ற தொகுதியையும் ஒப்பிடுங்கள். அங்கே எண்கள் வேறாக இருந்தும் பெருக்கற்பலன் சமமாக வரும். முனைகளை 12, 2, 7, 8, 9, 11 என்று எடுத்தால் கூடும் மூலைவிட்டங்கள் 12–8, 2–9, 7–11. அவற்றோடு 5–10 என்பதையும் வரைந்தால், பன்னிருகோணம் அவர்கள் காட்டிய உள்வட்ட மையப் புள்ளிகளில் ஒன்றே அது என்பது தெரியும்.